வாழைத் தோட்டத்தில் ஹோம் அசிஸ்டென்ட்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

சேரன்மகாதேவி பக்கம் எங்கள் தோட்டத்தில் கிணற்று மோட்டாரை ஹோம் அசிஸ்டென்ட் (பல கருவிகளை இணைத்துத் தானாக இயக்கும் மென்பொருள்) கவனிக்கத் தொடங்கிய பிறகு, மறுதாம்பு வாழையும் தார் வெட்டியாயிற்று. செல்போனிலிருந்து மோட்டார் போட மட்டும் இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டரே போதும். நான் இதை விடாமல் வைத்திருக்கக் காரணம், ஒரு கருவி காணாமல் போனாலும் மிச்சமிருப்பதை வைத்து வேலையை முடித்துவிடுகிறது.

அது ஓடுவதற்கு மோட்டார் ரூமில் ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினி. வரிசைகளுக்கு நடுவே ஈஎஸ்பி32 என்ற சிறு வைஃபை போர்டில் மாட்டிய ஈர சென்சார்கள். இவற்றுக்குள் பேச்சுவார்த்தை எல்லாம் எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியாக. 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் மூலம் கண்காணிக்க ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் உருவாக்கியது அது. சிக்னல் விட்டு விட்டு வரும் இடங்களுக்காகவே செய்ததால் எங்கள் தோட்டத்து வைஃபைக்கு அவ்வளவு பொருத்தம். அதிலும் 'லாஸ்ட் வில்' அருமையான வசதி: நான் திடீரென்று அறுந்துபோனால் இதைச் சொல்லிவிடு என்று, இணையும்போதே சென்சார், செய்திகளை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் புரோக்கரிடம் சொல்லி வைத்துவிடும்.

மோட்டார் எப்போது ஓட வேண்டும் என்று ஹோம் அசிஸ்டென்டில் நான் எழுதிய விதியில் எந்த சென்சாரின் பெயரும் கிடையாது. "கீழ்வரிசை ஈரம்" என்றுதான் எழுதியிருக்கிறேன். இயங்கும் சென்சார்களின் சராசரியை எடுக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் வானிலைச் சேவையின் மழை அளவு, நெட்டும் இல்லாவிட்டால் வெறும் நேரக் கணக்கு. புது சென்சார் டிஸ்கவரி (புதுக் கருவியைத் தானே கண்டுகொள்ளும் வசதி) வழியாகத் தன் இடத்தையும் சொல்லிக்கொண்டே வருவதால் விதியைத் தொட வேண்டியதில்லை.

ஒரு ஐப்பசி மழையில் கீழ்வரிசை வயரை எலி கடித்துப் போட்டது. அப்பா போன் போட்டு, "எலே, கரண்டு வந்தும் மோட்டார் ஓடலியே, கெட்டுப்போச்சா?" என்றார்கள். கெடவில்லை. மழைக் கணக்கைப் பார்த்து அதுவே நிறுத்தி வைத்திருந்தது.

குறைகளும் உண்டு. கிளவுடை நம்பிய ஒரு ஸ்மார்ட் பிளக், அந்த நிறுவனம் சர்வரை மூடியதும் உதவாமல் போனது. இப்போது லோக்கலில் ஓடுவதை மட்டுமே வாங்குகிறேன். விலை மலிவான, இரண்டு கம்பி நீட்டிய ஈர சென்சார்கள் மண்ணில் அரித்துப்போகும், கெப்பாசிட்டிவ் வகையே வாங்குங்கள். ராஸ்பெர்ரி பையில் எஸ்டி கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள்.

மோட்டாரின் பாதுகாப்பை மட்டும் சாப்ட்வேரிடம் விடவே கூடாது. தண்ணீரில்லாமல் ஓடினால் நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பும், ஒரு பேஸ் போனால் நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் பேனல் போர்டிலேயே தனியாக இருக்கட்டும்.