சைலன்ட் ஹன்டர் 3: டைம் கம்ப்ரஷன் ஓடும்போது விமானம் வந்தால்

யுபிசாஃப்ட் 2005இல் வெளியிட்ட இந்த நீர்மூழ்கி விளையாட்டில் கப்பல் வேட்டைக்கு இன்றும் குறை சொல்ல முடியாது. வான்தாக்குதல் விஷயத்தில் மட்டும் டைம் கம்ப்ரஷனை (ஆட்ட நேரத்தைப் பல மடங்கு வேகமாக ஓட்டும் வசதி) நம்பக் கூடாது.

மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் வரும் விமானம் நிமிடத்துக்கு 5 கி.மீ. கடக்கும். காவலர்கள் 10 கி.மீ.யில் பார்த்துவிட்டால் கையில் இரண்டு நிமிடம் இருக்கிறது. டைப் 7சி என்ற ஜெர்மன் நீர்மூழ்கி முழுக அரை நிமிடம் போதும், தாராளமாகத் தப்பலாம். ஆனால் 1024 மடங்கில் நமது ஒரு விநாடி என்பது ஆட்டத்தில் 17 நிமிடம். அதற்குள் விமானம் 85 கி.மீ. பறந்துவிடும். எதிரி தென்பட்டதும் வேகம் தானாக 1க்கு இறங்கும்தான். இறங்கும்போது குண்டு விழ ஆரம்பித்திருந்தால் என்ன பயன்? 128இல்கூட ஒரு விநாடிக்கு இரண்டு நிமிடம் போய்விடுகிறது. ஆகவே விமானம் வரக்கூடிய கடலில் மேலே மிதக்கும்போது 32ஐத் தாண்டாதீர்கள்.

பிரான்சுக்கு மேற்கே உள்ள பிஸ்கே வளைகுடாவைக் கடக்க 32 பொறுமையைச் சோதிக்கும். அதற்கு வழி இருக்கிறது: பகல் முழுக்க 2 முதல் 3 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் மூழ்கியே போங்கள், கம்ப்ரஷனைத் தாராளமாக ஏற்றலாம். 7சி மூழ்கிய நிலையில் 4 நாட்டில் சுமார் 80 கடல் மைல் தாங்கும். மெதுவாகப் போனால் பேட்டரி இன்னும் நீளும். இருட்டிய பிறகு மேலே வந்து சார்ஜ் ஏற்றுங்கள், அப்போது வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நீருக்கடியில் ஒலி கேட்கும் ஹைட்ரோபோனுக்கு விமானம் கேட்காது என்பதால், மேலே வருமுன் பெரிஸ்கோப்பில் வானத்தை ஒரு சுற்று பார்ப்பது நல்லது.

ரேடார் எச்சரிக்கைக் கருவிக்குப் ஆட்டத்தில் சம்பாதிக்கும் புகழ்ப்புள்ளியைச் செலவழிப்பது வீணாகாது. ஆனால் அவற்றில் ஒன்றான மெடாக்ஸ் மீட்டர் நீள ரேடார் அலைகளைத்தான் பிடிக்கும், 1943இல் வந்த 10 செ.மீ. ரேடாரைப் பிடிக்காது. அதற்கு நாக்சோஸ் என்ற இன்னொரு எச்சரிக்கைக் கருவி வேண்டும். மெடாக்ஸை நம்பி வேகத்தை ஏற்றுபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

விமானம் தென்பட்டால் யோசிக்காமல் சி பட்டனை அழுத்தி க்ராஷ் டைவ் (அவசரமாக மூழ்குவது). படகு தலையை மூழ்கடித்ததும் சுக்கானை ஒரே பக்கம் முழுதாகத் திருப்புங்கள். நேராகப் போனால் குண்டு விழும் பாதையிலேயே இருப்பீர்கள். விமான எதிர்ப்புத் துப்பாக்கியோடு மேலேயே நின்று சண்டை போடுவது பார்க்க அழகு. ஒற்றை விமானம் என்றால் சில நேரம் பலிக்கும், ஆனால் ஒரே ஒரு குண்டு பக்கத்தில் விழுந்தாலும் ரோந்தின் மிச்சம் ரிப்பேரிலேயே போகும்.