பிட்சிங் கோச்: ரிகெட்டி மாதிரியா, மசோனி மாதிரியா?

பேஸ்பாலில் பந்து வீசும் பையனுக்குப் பெரிய லீகில் (அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீகில்) பேர் வாங்கியவர் கோச்சாக வேண்டுமா, அங்கே ஆடாதவர் போதுமா?

ஆட்டம்
டேவ் ரிகெட்டி: 1983 ஜூலை 4 அன்று யாங்கீஸ் அணிக்காக வீசி, எதிரணி ரெட் சாக்ஸுக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துத் தளம் சேர்வது) கொடுக்கவில்லை. கடைசி ஆள் வேட் பாக்ஸ், ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்). அடுத்த ஆண்டே குளோசர் (அணியின் முன்னிலையைக் காக்கக் கடைசியில் வந்து வீசுபவர்) ஆக்கப்பட்டார். 1986இல் 46 சேவ் (அப்படிக் காத்து முடித்த ஆட்டங்கள்).
லியோ மசோனி: கீழ்நிலையான மைனர் லீகோடு சரி.

கோச் வேலை
ரிகெட்டி: ஜயன்ட்ஸ் அணியில் 2000 முதல் 2017 வரை, 3 உலகத் தொடர் (மேஜர் லீகின் இறுதித் தொடர்) வெற்றி.
மசோனி: பிரேவ்ஸ் அணியில் 1990 முதல் 2005 வரை, வெற்றி ஒன்றுதான். ஆனால் தன் பிட்சர்களை, அவர்கள் வீசும் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே இருமுறை, முழு வேகமில்லாமல் வீசவைத்தார். பிட்சர்கள் கிளாவின், ஸ்மோல்ட்ஸ் அவர் கையில் தேறியவர்கள். (அதே அணியின் மேடக்ஸ் வரும்போதே சை யங் விருதோடு, அதாவது ஆண்டின் சிறந்த பிட்சர் விருதோடு வந்தவர், அவரைக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.)

ஸ்டார்ட்டரிலிருந்து (ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர்) குளோசருக்கு மாறுபவருக்கு ரிகெட்டி மாதிரி ஆள். பந்தில் கட்டுப்பாடு வராத இளைஞருக்கு, வேகத்தைக் குறைத்து அடிக்கடி வீசவைக்கும் மசோனி வழிதான்.