"உங்க டேங்குக்கு பழக்கப்படுத்தி அனுப்புறோம்"னு சொல்ற கோரல் கடைங்ககிட்ட ஜாக்கிரதை

ரீஃப் டேங்க் (கடல் தண்ணியில கோரல், அதாவது பவளம், வளக்கற தொட்டி) வச்சிருக்கவங்க, புதுசா ஆரம்பிக்கப் போறவங்க, தயவுசெஞ்சு இதை படிச்சிட்டு அப்புறம் ஆர்டர் போடுங்க. எனக்கு அரை மாச சம்பளம் போயிடுச்சு. கோரல் மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடை, பேர் போடல. கோரல் விலைக்கு மேல தனியா ஒரு சார்ஜ் வாங்குறாங்க, அதுக்கு நம்ம டேங்க் ரீடிங் எல்லாம் அனுப்பணும், அவங்க ரெண்டு வாரம் அந்த கோரலை அதே உப்பு அளவு, அதே ஆல்கலினிட்டி (தண்ணியோட பிஎச்சை நிலையா வைக்கற கார்பனேட் அளவு, சுருக்கமா ஆல்க்), அதே வெளிச்சத்துல வச்சு, பூச்சிக்கு டிப்பும் கொடுத்து (மருந்துத் தண்ணியில முக்கி எடுத்து) அனுப்புவாங்களாம், நாம பையை மிதக்க விட்டு டெம்பரேச்சர் மட்டும் சரி பண்ணி நேரா உள்ள வச்சா போதுமாம்.

எப்படி நம்ப வச்சாங்கன்னு சொல்றேன், ஏன்னா உங்ககிட்டயும் இப்படித்தான் பேசுவாங்க. கடையில இருந்து பேசின ஆள் காசைப் பத்தி பேசவே இல்ல. முதல் கேள்வியே "ஆல்கலினிட்டி எவ்ளோ சார், ஒரு நாளைக்கு எவ்ளோ இறங்குது"ன்னுதான். அப்புறம் கோரல் வைக்கப் போற இடத்துல பார் (கோரலுக்கு பயன்படற வெளிச்சத்தோட அளவு) எவ்ளோ, லைட் எத்தனை மணிக்கு ஃபுல்லா ஏறுது, ஃப்ளோ எந்தப் பக்கம்னு வரிசையா கேட்டார். "அக்ரோபோராவுக்கு ஆல்க் ஆடவே கூடாது சார், உங்க தண்ணி எட்டுன்னா இங்கயும் எட்டுலதான் நிக்கும்"னார். அக்ரோபோரான்னா நான் ஆர்டர் பண்ணின, கிளை கிளையா வளர்ற கோரல் வகை. இவ்ளோ விவரம் தெரிஞ்சவர் ஏமாத்துவார்னு யாருக்குங்க தோணும்? உப்பு 1.026 (தண்ணியோட அடர்த்தியை வச்சு சொல்ற எண்), ஆல்க் 8 டிகேஎச் (ஆல்க்கோட அலகு), கால்சியம் 430, மெக்னீசியம் 1350, டெம்பரேச்சர் 25 டிகிரின்னு எல்லாத்தையும் அனுப்பினேன். நடுவுல வீடியோ கூட வந்துச்சு, பாலிப் (கோரல் மேல பூ மாதிரி விரியற சின்னச் சின்ன உயிருங்க) எல்லாம் நல்லா விரிஞ்சு கலர் கண்ணைப் பறிக்குது, ஆனா முழுக்க நீல லைட். நீல லைட்ல கோரலோட ஃப்ளோரசன்ட் கலர் எல்லாம் மின்னத்தான் செய்யும், சதை வெளுத்திருந்தாலும் அதுல சட்டுனு தெரியாது. வெள்ளை லைட்ல ஒரு போட்டோ கேட்டேன், "பழக்கப்படுத்தற நேரத்துல லைட் மாத்தினா ஸ்ட்ரெஸ் ஆகும் சார்"னு பதில்.

பார்சல் வந்துச்சு. பைத் தண்ணியை உப்பு அளக்கற ரீஃப்ராக்டோமீட்டர்ல பாத்தா 1.020. ஆல்க் 12க்கு பக்கம். ரெண்டு வாரம் என் தண்ணியில வளந்த கோரலாங்க இது? அடிப்பக்கம் வெட்டின இடம் பச்சைப் புண்ணா வெள்ளையா இருக்கு, பிளக்குல (கோரல் துண்டை ஒட்டி வைக்கற சின்ன வில்லை) ஒட்டின பசை மேல சதை ஒரு துளி கூட படரல. அவங்களுக்கு வந்த பெட்டியில இருந்து எடுத்து, வெட்டி, ஒட்டி, அப்படியே எனக்கு அனுப்பிட்டாங்க. உடனே போன் போட்டேன். "அது பேக்கிங் தண்ணி சார், வளந்த தண்ணி வேற, பயப்படாம உள்ள வைங்க"ங்கறார். அப்படியே இருந்தாலும் ரெண்டு வாரம் பழக்கினதை பேக்கிங்ல கெடுத்துட்டு அதுக்கு எதுக்குங்க சார்ஜ்?

இந்த நிலைமையில எதைச் செஞ்சாலும் கஷ்டம்தான். 1.020ல இருந்து 1.026க்கு ஒரேடியா தூக்க முடியாது. சரி மெதுவா சொட்டு சொட்டா விடலாம்னா அந்தப் பைத் தண்ணியிலயே மணிக்கணக்கா வைக்கக் கூடாது. ரொம்ப நேரம் மூடின பையில கார்பன் டை ஆக்சைடு சேந்து பிஎச் இறங்கி இருக்கும், அதனால அதுல இருக்கற அம்மோனியா பெருசா விஷமாகாம கிடக்கும், பையைத் திறந்ததும் பிஎச் ஏறும், அம்மோனியா விஷமா மாறும். அதனால தனி டப்புல 1.020க்கு புதுசா உப்புத் தண்ணி கலந்து, ஹீட்டர், சின்ன பம்ப் போட்டு, கோரலை அதுக்கு மாத்தி கொஞ்சம் கொஞ்சமா உப்பை ஏத்தினேன், லைட்டையும் நல்லா குறைச்சு வச்சேன். டிப் போட்டப்போதான் வயிறு எரிஞ்சது. கிண்ணத்துல தட்டைப்புழு விழுந்து நெளியுது! அக்ரோபோராவைத் தின்னுற அதே புழு. "டிப் எல்லாம் முடிச்சாச்சு சார்"னு எழுத்துல கொடுத்த கோரல் இது. சதை இல்லாத அடிப்பகுதியில பழுப்பா முட்டைக் கூட்டம் வேற, டிப்புல புழு சாகும், முட்டை சாகாது.

ஒரே ராத்திரியில அடியில இருந்து சதை உரிஞ்சு வெறும் வெள்ளை எலும்புக்கூடு. அரை மாச சம்பளம். தனி டப்புல வச்சதால என் டேங்க் தப்பிச்சுது, அவங்க சொன்னதை நம்பி நேரா உள்ள வைக்கறவங்க டேங்க்ல இருக்கற மத்த அக்ரோ எல்லாம் என்ன ஆகும்? அதை நெனச்சாத்தான் இன்னும் கோவம் வருது.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சது தட்டிக் கழிக்கிற வேலை. உயிரோட வந்துச்சுல்ல, கேரண்டி செத்து வந்தாத்தான்னாங்க. உங்க மீட்டர் தப்புன்னாங்க, 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) சொல்யூஷன்ல கேலிபரேட் பண்ணி போட்டோ அனுப்பினேன், அதுக்கு பதிலே இல்ல. திடீர்னு வேற ஒருத்தர் வந்து முதல்ல இருந்து எல்லா போட்டோவும் திரும்பக் கேட்டார். அந்த ரெண்டு வாரத்து ரீடிங்கை காட்டுங்கன்னா "அதெல்லாம் வெளிய தர மாட்டோம் சார்". புழு போட்டோவுக்கு "உங்க டேங்க்ல இருந்து வந்திருக்கும்"னு பதில், அது என் டேங்குக்குள்ள போகவே இல்லைங்க! கடைசியில பழக்கப்படுத்தற காசையாவது திருப்பிக் குடுங்கன்னேன். சர்வீஸ் சார்ஜ், ரீஃபண்ட் கிடையாதாம். இப்ப மெசேஜ் பாக்கறாங்க, பதில் இல்ல. அரை மாச சம்பளத்துக்கு ஒரு சாரி கூட கிடையாது.

புது கோரலை எப்படி பழக்கறதுன்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப இருக்கற கோவத்துல இவ்ளோதான் வருது. யார் என்ன சொன்னாலும் பைத் தண்ணியோட உப்பையும் ஆல்க்கையும் நீங்களே அளந்து பாருங்க, பையோட சேத்து வீடியோ எடுத்து வச்சுக்கோங்க. வெள்ளை லைட் போட்டோ தர மறுத்தா வாங்காதீங்க. அடிப்பகுதி ஆறி சதை படர்ந்திருக்கான்னு பாருங்க. அவங்க டிப் போட்டிருந்தாலும் நீங்க திரும்ப போடுங்க, வந்த பிளக்கை தூக்கிப் போட்டுட்டு முட்டை இருந்தா சுரண்டி எடுங்க, முடிஞ்சா தனி டேங்க்ல சில வாரம் வைங்க, வாரா வாரம் டிப். வெளிச்சம் கம்மியா ஆரம்பிச்சு வாரக்கணக்குல ஏத்துங்க, முதல் நாளே மேல் பாறையில வைக்காதீங்க. காசு மட்டும் நேரா அவங்க அக்கவுண்ட்டுக்கு போடாதீங்க, கார்டுல குடுங்க. நான் கார்டுல குடுத்ததால பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், சாட், வீடியோ, மீட்டர் போட்டோ எல்லாம் சேத்து அனுப்பியாச்சு, பதில் இன்னும் வரல.