வலது கால் இயங்காதவருக்கு: இடதுகால் ஆக்சிலேட்டரா, கை லீவரா?

இரண்டுக்கும் ஓட்டோ கியர் கார்தான் வேண்டும்.

செலவு: இடதுகால் பெடல் மலிவு. லீவருக்குக் கூடுதல், ஸ்டியரிங்கில் சுழல்குமிழும் (ஒரு கையால் திருப்ப உதவும் பிடி) பூட்ட வேண்டும்.

உடல்: பெடலுக்கு நல்ல இடது காலும் ஒரு கையும் போதும். லீவருக்கு இரு கைகளும் தேவை: ஒன்று பிரேக்கும் வேகமும் பார்க்க, மற்றது திருப்ப. பக்கவாதத்தால் வலப்பக்கம் முழுதும் தளர்ந்தவருக்கு லீவர் சரிவராது.

பழக்கம்: பெரிய ஆபத்து இங்கேதான். ஆயுள் முழுக்க பிரேக் ஆக்சிலேட்டருக்கு இடப்புறம் இருந்தது. இடதுகால் பெடல் பூட்டினால் பிரேக்கிற்கும் இடப்புறம் ஆக்சிலேட்டர். வெறும் தரிப்பிடத்தில் நன்றாக ஓட்டுபவரும் வெள்ளவத்தையில் ஓட்டோ குறுக்கே வந்தால் மாறி மிதிக்கக்கூடும். ஆகவே பயிற்றுநரிடமும் பிரேக் உள்ள இரட்டைப் பிரேக் காரில், அமைதியான ஒழுங்கையில் தொடங்கி, கொழும்பின் நெரிசலான காலி வீதியில் (Galle Road) மதிப்பீட்டை முடியுங்கள். பழைய ஆக்சிலேட்டருக்கு மறைப்புத் தகடு கட்டாயம்.

நீரிழிவால் வலது காலை இழந்தவரா? இடது பாதத்தின் உணர்வை 10 கிராம் மெல்லிழையால் (10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழை) முதலில் சோதியுங்கள். மங்கியிருந்தால், கைகள் பலமாக இருக்கும்வரை லீவரே பாதுகாப்பு.

கவனம் சிதறுபவர், அவசரப்படுபவர் என்றால் இரண்டுமே இப்போது வேண்டாம்.

காரில் கைவைக்குமுன் நுகேகொடை தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மருத்துவச் சான்றிதழ் பற்றி விசாரியுங்கள்.