மருதமுனைக் கைத்தறிச் சாரம்: வாங்கலாமா?

எங்கள் பக்கத்து ஆண்கள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் சாரத்தில்தான், அதாவது லுங்கியில்தான், இருக்கிறோம். படுப்பது அதில், சந்தைக்குப் போவது அதில், படலையடியில் நின்று ஊர்க்கதை கதைப்பதும் அதில். ஆனால் ஒரு சேட் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள், சாரம் என்றால் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இது எனக்கு நெடுநாள் மனக்குறை. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் அப்படிச் செய்யலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்குங்கள். ஆனால் பார்த்து வாங்குங்கள்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ்ஸில் ஏறினால் களுவாஞ்சிக்குடி, கல்லாறு, பெரியநீலாவணை தாண்டியதும் மருதமுனை. பெரிய வீதியிலேயே கைத்தறிக் கடைகள் இருக்கின்றன. நான் வழக்கமாகப் போகும் கடைக்குப் பின்னால் வளவில் தறியும் போட்டிருக்கிறார்கள். கேட்டால் காட்டுவார்கள். அங்கே நெய்துகொண்டிருந்த ராத்தா (அக்கா) ஒருவர் பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், ஒரு இழை அறுந்ததும் தறியை நிறுத்தினார். அத்தனை இழைகளுக்குள் அந்த ஒன்றை விரலால் தேடிப் பிடித்தார். புதுத்துண்டு நூலைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, நாக்கில் விரலை நனைத்து அந்த முடிச்சை அழுத்திவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். துணியின் உட்பக்கத்தில் அங்கங்கே கையில் தட்டுப்படும் கடுகளவு முடிச்சுகள் இப்படி வருவதுதான். அதைப் பழுது என்று நினைத்து வேறு சாரம் கேட்காதீர்கள்.

"இது தறித் துணிதானா காக்கா (அண்ணன்)?" என்று முதன்முறை கேட்டபோது கடைக்காரர் கோபிக்கவில்லை. "கரையைப் பாருங்க தம்பி" என்று துணியை விரித்துக் கையில் தந்தார். குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா ஒரு பக்கம் ஓடி மறுபக்கம் திரும்பும்போது அந்தக் குறுக்கு நூலான ஊடையும் கரையில் வளைந்து உள்ளே திரும்பும். அதனால் கரை மூடிய கரையாக இருக்கும். புதுவிதமான மில் தறிகள் பலவற்றில் ஒவ்வொரு ஊடையும் கரையில் வெட்டுப்படும், அங்கே தும்பு தும்பாக நிற்கும். இன்னொன்று, நெய்யும்போது துணி ஒடுங்காமல் இருக்க இரண்டு பக்கமும் கொளுவி இழுத்துப் பிடிக்க ஒரு குச்சி வைப்பார்கள். அதன் ஊசி பட்ட சின்னத் துளைகள் கரையோரம் வரிசையாகத் தெரியும். ஒரு தோய்ச்சலுக்குப் பிறகு அவை மூடிவிடும், ஆகையால் புதிதிலேயே பார்த்துவிட வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நிறமாக இருக்கிறதா என்று பார்த்தால் அச்சடித்த துணியை மட்டும்தான் பிடிக்கலாம். நெய்த மில் துணியும் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

உடுத்தும் சுகம் பற்றிச் சொல்வதானால், கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில்தான் இதன் அருமை தெரியும். பொலியெஸ்டர் கலந்த சாரம் வியர்வையில் காலோடு ஒட்டிக்கொள்ளும். இது வியர்வையைக் குடித்துக்கொண்டு காற்றை உள்ளே விடும். புதிதில் கஞ்சி விறைப்பு இருக்கும், இடுப்பில் நிற்காமல் வழுக்கும். தோய்க்கத் தோய்க்க இளகி, பிறகு ஒரு மடிப்பு மடித்துச் செருகினால் இரவு முழுக்க அவிழாது. நான் கொஞ்சம் உயரமானவன். சாதாரண மில் சாரம் எனக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். இங்கே அகலம் கூடிய துணி இருக்கிறதா என்று கேட்கலாம், இடுப்பில் பிடித்துப் பார்த்து எடுக்கலாம்.

குறை இல்லையா? இருக்கிறது. நான் எடுத்த கடும் சிவப்புக் கட்டச் சாரம் நாலைந்து தோய்ச்சல் வரை சாயம் விட்டது. மகனின் வெள்ளைப் பள்ளிச் சேட் ஒன்று அதனால் ரோஸ் நிறமாகிப் போனது. சாயம் போட்ட நூலை இன்னும் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசியிருந்தால் இது வந்திருக்காது. இவ்வளவு பாடுபட்டு நெய்யும் துணியில் இந்தக் கவனக்குறைவு எனக்கு வருத்தம். கடையில் போய்ச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் எடுத்த நீலமும் பச்சையும் ஒரு சொட்டுச் சாயம் விடவில்லை. மற்றது, மாரி மழைக்கு இந்தக் கனத்த துணி லேசில் காயாது.

விலை மில் சாரத்தைவிடக் கூடத்தான். நூல் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு மேல் ஏறிய நேரம் நூல் விலை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு முன்பே 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்டபோது மலிவுத் துணி வந்து நாட்டின் கைத்தறியை அடித்தது. 2004 சுனாமி இந்தக் கரையில் வீடுகளோடு தறிகளையும் கொண்டுபோனது. இத்தனைக்கும் பிறகு தறி ஓடுகிறதே என்று நினைக்கும்போது எனக்குப் பேரம் பேச வாய் வருவதில்லை. இரக்கப்பட்டு வாங்குங்கள் என்று சொல்லவரவில்லை. மில் சாரம் நடுவில் நைந்து கிழிந்த பிறகும் இது உழைக்கிறது, கொடுத்த காசு வீண் போகாது.

மூட்டாமல் வாங்கினால் அங்கேயே மூட்டித் தருவார்கள். தையல் விழும் இடத்தில் கட்டமும் கட்டமும் கோடு பிசகாமல் சேர்கிறதா என்று நின்று பாருங்கள். நல்ல கை என்றால் மூட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பெட்சீட், துவாய், சேலை எல்லாம் உண்டு. சேலையைப் பற்றி எழுத என் மனைவிதான் தகுதியானவர்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். நோன்புப் பெருநாளுக்கு முந்திய நாட்களில் கூட்டம் நெரியும், தறியைக் காட்ட ஒருவருக்கும் நேரம் இருக்காது. வேறொரு நாள் காலையில் போய், துணியை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் நிறம் பார்த்து எடுங்கள். கடைக்குள் கடும் நீலமும் கறுப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும்.