எழுத்தாளருக்கான ஆண்டுத் திட்ட ஏடு: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

நூல்களைச் சந்தைப்படுத்துவதற்கான ஆண்டு இலக்குகளை வகுத்துக்கொள்ள எழுத்தாளர்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட இந்த ஏட்டை, பன்னிரண்டு மாதங்களும் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். நம் கையில் இருப்பவற்றையும் இல்லாதவற்றையும் முதல் பக்கத்திலேயே பிரித்து எழுதச் சொல்வதுதான் இதன் தலையாய சிறப்பு. ‘ஆயிரம் பிரதிகள் விற்க வேண்டும்’ என்பதை விருப்பம் என்ற கட்டத்தில் எழுதவைத்து, அதற்காக நான் செய்யக்கூடியவை எவை என்று கேட்டது. மாதம் இரண்டு மின்னஞ்சல் மடல்கள், வெளியீட்டுக்கு முன்பே மதிப்புரைக்கு அனுப்பும் பிரதிகள், பழைய நூல்களின் பின்னட்டைக் குறிப்பைத் திருத்துதல் என என் பட்டியல் அப்போதுதான் உருப்பெற்றது. (புதிய நூலின் பரபரப்பில் பழையவற்றை மறந்துவிடுவது எனக்கு மட்டுமே உரிய வழக்கமல்ல என்று நம்புகிறேன்.)

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் மீளாய்வுப் பக்கமும் பயனுள்ளது. அமேசான் நிறுவனத்தின் மின்னூல் வெளியீட்டுத் திட்டமான கிண்டில் செலக்டில் சேர்த்த மின்னூலை 90 நாள்களுக்கு வேறெங்கும் மின்வடிவில் விற்க முடியாது என்பதால், அதில் தொடர்வதா விலகுவதா என்ற முடிவை அந்தப் பக்கத்தில் வைத்தே எடுத்தேன்.

குறைகளும் உண்டு. சமூக ஊடகத்தில் பின்தொடர்வோரைக் கணக்கிடப் பல பக்கங்களை ஒதுக்கியவர்கள், விளம்பரச் செலவையும் அதனால் வந்த வருவாயையும் அருகருகே எழுத ஒரு பக்கம்கூடத் தரவில்லை. நூல் வெளியாகும் மாதத்துக்கும் ஓய்வான மாதத்துக்கும் ஒரே அளவு இடம் தந்திருப்பதும் பொருத்தமற்றது. தாளும் மெலிது, மையூற்றுப் பேனாவால் எழுதினால் மறுபக்கம் ஊறிவிடுகிறது.