இரண்டு வருடமாக ஒரு 19 பல் இல்லாமல்

கோண்டாவிலில் இருக்கும் நண்பன் தன் பழைய றேசிங் சைக்கிளுக்குப் புதுப் பிறீவீல், அதாவது பின்சில்லில் திருகிப் பூட்டும் பல்சக்கர அடுக்கு, தேடுகிறான். "நீ போட்டிருப்பதையே நானும் வாங்கட்டுமா, மச்சான்?" என்று போன கிழமை கேட்டான். உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வருடம் உழக்கிய பிறகும் அந்தப் பொருளின் மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னுடையது எண்பதுகளில் வந்த ஜப்பான் சைக்கிள். 27 அங்குலச் சில்லு, பின்சில்லு உட்காரும் கவையின் இடைவெளி 126 மில்லிமீற்றர். ஆறு கியர் கொண்ட திருகு பிறீவீல் அப்படியே பொருந்தியது. பற்களின் பக்கத்தில் செயின் ஏறுவதற்கென்றே சிறு சரிவுகள் வெட்டியிருப்பதால் கியர் மிக மிருதுவாக மாறுகிறது. செயினையும் சேர்த்தே மாற்றியதால் ஒருமுறைகூட நழுவியதில்லை. இரண்டு மாரி நனைந்தும் சத்தம் இல்லை, விலையும் கையைக் கடிக்கவில்லை.

பழையதைக் கழற்றியதுதான் பெரும்பாடு. உழக்க உழக்க இறுகிக்கொண்டே போகும் திருகு அது. ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, கழற்றியை வைசில் பிடித்து, அதன்மேல் சில்லைப் படுக்கவைத்து, கடைக்கார அண்ணை இரண்டு கையாலும் சில்லையே திருப்பினார். மூன்றாம் முயற்சியில்தான் விட்டுக்கொடுத்தது.

இனிக் கோபத்துக்கு வருகிறேன். அடுக்கிலுள்ள ஆறு சக்கரங்களையும் அவற்றின் பல் எண்ணிக்கையால்தான் சொல்வோம். பழையதில் 14-15-17-19-21-24. புதியதில் 14-16-18-21-24-28. தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. வைகாசி பிறந்து சோளகம் வீசத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணைத் தீவுக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடல், மறைப்பதற்கு ஒரு மரம் இல்லை, காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். முன்னே 42 பல்லில் போட்டு, பின்னே 18இல் உழக்கினால் பெடலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 5 மீற்றர் போகும், முழங்கால் கெஞ்சும். 21இல் போட்டால் 4.3 மீற்றர், கால் வெறுமனே சுழலும், வேகம் செத்துவிடும். பழைய 19 கொடுத்த 4.8 மீற்றரில்தான் என் மூச்சும் காலும் ஒத்துப்போயின. அந்த ஒரு சக்கரத்தைத்தான் பிடுங்கிவிட்டார்கள்.

அதற்குப் பதிலாகத் தந்தது 28. நுவரெலியா ஏறுகிறவருக்கு அது உயிர். எங்கள் நிலமோ பாய் விரித்ததுபோலக் கிடக்கிறது. இரண்டு வருடத்தில் அந்தச் சக்கரத்துக்கு எனக்கு ஒருநாளும் வேலை வரவில்லை; கறுப்புப் பூச்சுக்கூட உரியவில்லை.

பொறுக்கமுடியாமல் போன மாதம் பழையதைத் துடைத்தெடுத்தேன். 24 புதிதுபோல இருக்கிறது. 17உம் 19உம் சுறாச் செட்டைபோல ஒருபக்கம் சாய்ந்து கூராகிவிட்டன. மாட்டிப் பார்த்தேன், அழுத்தி உழக்கியதும் 19இல் செயின் தாவுகிறது. அதிகம் ஓடிய சக்கரம்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

ஆகவே நண்பனுக்கு எழுதிவிட்டேன்: இத்தனை நல்ல குணம் இருந்தாலும் இதை வாங்காதே. பழைய உதிரிகள் விற்கும் கடைகளில் 14-24 இருக்கிறதா என்று கேள். கையில் எடுத்துப் பற்களை எண்ணிப் பார், 19 பல் சக்கரம் ஒன்று இருக்கவேண்டும். பிரெஞ்சுச் சைக்கிளில் வந்ததென்றால் திருகுப் புரி வேறு, உன் சில்லில் ஏறாது. இரண்டு கிடைத்தால் ஒன்றை எனக்கு எடுத்து வை.